பழைய ஜீப்பில் கூடுதல் விளக்கு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

என்னிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டு டீசல் ஜீப். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீட்டு வாசலில் நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை கனகபுரா பக்கமோ கோலார் பக்கமோ போய் இருட்டிய பின் திரும்புகிறது. முன்னால் நல்ல வெளிச்சம் வேண்டும் என்ற ஆசையில் மூன்று ஆண்டுகளில் மூன்று முறை விளக்கு மாற்றினேன். அவற்றில் இரண்டு முறை செலவழித்த பணம் வீணானது. என்னைப் போன்ற வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை, எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். இதில் சொல்லியிருப்பவை அனைத்தும் 12 வோல்ட், நெகட்டிவ் கிரவுண்ட் வண்டிகளுக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். இராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டியாக இருந்தால் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். அவற்றில் சில 24 வோல்ட் வண்டிகள். 12 வோல்ட் பல்பைப் போட்ட நொடியிலேயே அது போய்விடும்.

வேண்டிய கருவிகள் குறைவு: ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப் (மின்சாரம் இருக்கும் முனையைத் தொட்டால் எரியும் சிறு விளக்கு), உப்புத்தாள், அளவு நாடா, சுவரில் கோடு போடச் சுண்ணக்கட்டி.

வாங்குவதற்கு முன்: எதைப் பொருத்தலாம், எதைப் பொருத்தக் கூடாது

பல பிழைகள் வயரில் தொடங்குவதில்லை, கடையில் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 111-ஆம் விதி, ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றை வண்டியின் முன்புறம் பொருத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில், பதிவு அதிகாரியின் முன் ஒப்புதலோடு மட்டுமே அதற்கு இடமுண்டு. இந்த விதி ‘எரிக்கக் கூடாது’ என்று சொல்லவில்லை, ‘பொருத்தக் கூடாது’ என்றே சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே கூரையில் நீளமான எல்.இ.டி. பட்டையைப் போட்டு, நகருக்குள் கறுப்பு உறை மாட்டிக்கொண்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வது உங்களைக் காப்பாற்றாது. மண் பாதையில் இரவு ஓட்டுவது எனக்குப் பிடிக்கும் என்ற காரணத்தை எந்தப் பதிவு அலுவலகமும் விதிவிலக்கான சூழ்நிலையாக ஏற்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

நிம்மதியாகப் பொருத்தக்கூடியது ஒரு ஜோடி ஃபாக் லாம்ப், அதாவது பனியில் சாலையைத் தாழ்வாகக் காட்டும் விளக்கு. விளக்குகளைப் பொருத்தும் முறையைக் கூறும் இந்திய வாகனத் தரமான ஏ.ஐ.எஸ்.-008, பன்னாட்டு விதிமுறையைப் பின்பற்றி, முன்புற ஃபாக் லாம்ப்பை விருப்பத் துணைக்கருவியாக ஏற்கிறது. இரண்டு மட்டுமே இருக்க வேண்டும். நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். கார் வகை வண்டிகளில் விளக்கின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மேல் விளிம்பு 800 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, டிம் விளக்கைவிட உயரத்திலும் இருக்கக் கூடாது. வண்டியின் பக்க விளிம்பிலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் வெளிப்புற ஓரம் வர வேண்டும். கிரில்லின் நடுவில் இரண்டு வட்ட விளக்கை ஒட்டி வைத்துக்கொள்ளும் பழைய பந்தய அழகு இந்த அளவுக்குள் அடங்காது. பெரிய டயர் போட்ட ஜீப்பில் பம்பருக்கு மேல் வைத்த விளக்கு 800 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால் நாடாவை வைத்து அளந்த பிறகே துளை போடுங்கள்.

விளக்கை எதன்மேல் பொருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். முன்னால் போடும் குழாய்க் காப்பு, அதாவது புல் பார், அங்கீகாரமற்றது என்றும் அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. சரியான விளக்கைத் தவறான குழாயில் மாட்டினால் இரண்டுமே போய்விடும். வண்டியோடு வந்த பம்பரிலேயே பிராக்கெட் வைத்துப் பொருத்துங்கள், வண்டியின் இரும்புச் சட்டகத்தை வெட்டவோ வெல்டிங் செய்யவோ வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றும் வேலையைத் தடுக்கிறது. உற்பத்தியாளரின் குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவை இறுக்கமாகவே விளக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. நட்டு போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை நான் எனக்கான அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகவே வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண், ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி. அதன் அருகே ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்றிருந்தால் அது ஃபாக் லாம்ப், ‘ஹெச்ஆர்’ என்றிருந்தால் தூரத்துக்கு அடிக்கும் ஹாலஜன் ஹை பீம். ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். ஜே.சி. ரோட்டில் ஒரே தெருவில் அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். விலையில் இருக்கும் வித்தியாசமே பாதியைச் சொல்லிவிடும்.

அறிகுறி: வண்டியோடு வந்த முகப்பு விளக்கே மஞ்சளாக, சோர்வாக எரிகிறது

கூடுதல் விளக்கு வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் இருக்கும் நோய் இதுதான். என் முதல் செலவு வீணானதும் இதைக் கவனிக்காமல் விட்டதால்தான். 7 அங்குல வட்ட விளக்கில் ஹெச்4 பல்ப் (டிம், ஹை பீம் இரண்டுக்குமான இழைகள் உள்ளது) போட்ட ஜீப்பில் ஹை பீம் இரண்டும் சேர்ந்து 120 வாட், அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியர். இந்த மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து கிளம்பி, அம்மீட்டர் வழியாக, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக, காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச் வழியாக, முப்பது ஆண்டு பழைய மெல்லிய வயரில் ஊர்ந்து விளக்குக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் இறங்குகிறது.

அதை அளப்பது எளிது. எஞ்சினை ஓட விட்டு, ஹை பீமை எரிய விட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் கறுப்பு முனையைப் பல்பின் ஹை பீம் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது, வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றைப் பல்பின் கிரவுண்ட் பின்னிலும் வைத்தால் திரும்பும் பாதையில் தொலைந்தது தெரியும். விளக்கு எரியும்போது மட்டுமே இந்த அளவீட்டுக்குப் பொருள் உண்டு. அணைந்திருக்கும்போது, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும்.

என் ஜீப்பில் பேட்டரி முனையில் 13.9 வோல்ட், பல்பில் 11.6. தொலைந்த 2.3 வோல்ட்டில் 1.5 போகும் பாதையில், 0.8 கிரவுண்டில். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரிகிறது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். இந்தக் கணக்கில் நான் பாதி வெளிச்சத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கலாசிபாளையம் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், நான் புது விளக்குப் பெட்டியோடு போய் நின்றபோது அதைப் பிரிக்கவே இல்லை. “லைட்டு மேல பழி போடாதீங்க சார், முதல்ல கிரவுண்டைப் பாருங்க” என்று சொல்லி, ஃபெண்டரின் உள்பக்கத்தில் கிரவுண்ட் வயர் சேரும் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வளையத்துக்குக் கீழே யாரோ எப்போதோ அடித்த பச்சை பெயின்ட் முழுதாக அப்படியே இருந்தது. மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே திரும்பிக்கொண்டிருந்தது. அவர் உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினார். கிரவுண்டில் தொலைந்த 0.8 வோல்ட் 0.1 ஆனது. செலவு என்று சொல்ல ஒரு வாஷர்தான்.

போகும் பாதைக்கு மருந்து ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு. ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு வர வேண்டும். 87-ஆம் முனையிலிருந்து அதே தடிமனான வயர் விளக்குக்குப் போக வேண்டும். முன்பு விளக்குக்குப் போன பழைய வயர் இப்போது 86-ஆம் முனைக்குத் தகவல் சொன்னால் போதும், 85 கிரவுண்டுக்கு. ரிலேயின் சுருள் எடுப்பது ஓர் ஆம்பியரில் சிறு பங்குதான் என்பதால் பழைய சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். இதைச் செய்தபின் என் பல்பில் 13.4 வோல்ட் வந்தது. வெளிச்சம் முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் என்று கணக்கு சொன்னது, கண்ணும் அதையே சொன்னது. இந்த இரண்டு வேலையும் முடிந்து ஒரு வாரம் இரவில் ஓட்டிய பிறகும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் கூடுதல் விளக்கைப் பற்றி யோசியுங்கள்.

ரிலே போடாமல் 100/90 வாட் பல்பு மாட்டிக்கொள்ளும் குறுக்குவழியைப் பலரும் சொல்வார்கள். தரப்படி ஹெச்4 என்பது 60/55 வாட் பல்ப். அதற்கு மேல் போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும், டிப்பர் சுவிட்ச் சூடேறும். எல்.இ.டி. பல்பை ஹெச்4 கூட்டுக்குள் செருகுவதும் சரிவராது. அந்த ரிஃப்ளெக்டர், இழை ஒன்று குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்று எண்ணி வடித்தது; ஒளி வேறிடத்திலிருந்து கிளம்பினால் கதிர் மேலே சிதறி எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். கர்நாடகக் காவல்துறை 2024 ஜூலையிலிருந்து கண்கூச வைக்கும் எல்.இ.டி. விளக்குகள்மீது தனியாகவே வழக்குப் பதியத் தொடங்கியது.

அறிகுறி: புதிய விளக்கு எரியவே இல்லை

சுவிட்சைப் போடும்போது ரிலேயில் ‘டிக்’ சத்தம் கேட்கிறதா என்று முதலில் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் 86-இல் மின்சாரம் வருகிறதா, 85 கிரவுண்டில் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டும் எரியவில்லையென்றால் 30-இல் மின்சாரம் இருக்கிறதா, சத்தத்துக்குப் பின் 87-க்கு வருகிறதா என்று பாருங்கள். 30-இல் இருந்து 87-இல் வரவில்லையென்றால் ரிலேயின் உள்தொடு கருகிவிட்டது, மாற்றிவிடுங்கள். ரிலே விடாமல் ‘டிக் டிக்’ என்று துடித்தால் அதன் சுருளுக்குப் போதுமான வோல்ட் வரவில்லை. பெரும்பாலும் 85-இன் கிரவுண்ட் தளர்ந்திருக்கும்.

சுவிட்ச் அணைந்திருக்கும்போது விளக்கு எரிந்து, போட்டால் அணைகிறது என்றால், கடையில் ஐந்து முனை ரிலே கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் 87-க்குப் பதில் 87ஏ முனையில் செருகியிருக்கிறீர்கள். ஒரு நிமிட வேலை.

அறிகுறி: டிம் போட்டால் கூடுதல் விளக்கு எரிகிறது, ஹை பீம் போட்டால் அணைகிறது

இது கேட்பவரைக் குழப்பும், ஆனால் காரணம் தெளிவானது. நண்பர் ஒருவரின் பழைய, ஜப்பானிய வடிவமைப்பு வண்டியில் இதைக் கண்டோம். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்து, மறுநாள் காலை பேட்டரி படுத்துக்கிடந்தது. நம் ஜீப்புகளில் சுவிட்ச், பாசிட்டிவ் பாதையைத் திறந்து மூடும். சில ஜப்பானிய வடிவமைப்புகளிலோ பல்பின் பொது முனைக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டேயிருக்கும்; சுவிட்ச் கிரவுண்ட் பக்கத்தைத் திறந்து மூடும். அந்த வண்டியில் ஹை பீம் வயரைத் தொட்டு ரிலேயின் 86-இல் கொடுத்து, 85-ஐக் கிரவுண்டில் வைத்தால், ஹை பீம் அணைந்திருக்கும்போது பல்பின் இழை வழியாகவே 12 வோல்ட் ரிலேக்கு வந்து அதை இழுத்துவிடும். ஹை பீம் போட்டதும் அந்த வயர் கிரவுண்ட் ஆகி ரிலே விட்டுவிடும். எல்லாம் தலைகீழாக நடப்பது இதனால்தான்.

சோதிக்க, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, பல்பின் சாக்கெட்டைக் கழற்றாமல் பின்பக்கமாக மூன்று பின்களையும் டெஸ்ட் லாம்ப்பால் தொடுங்கள். மூன்றிலும் மின்சாரம் தெரிந்தால் உங்கள் வண்டி இந்த வகை. அப்போது 86-ஐப் பொது முனையின் பாசிட்டிவுக்கும் 85-ஐ ஹை பீம் வயருக்கும் மாற்றிக் கொடுங்கள். ஹை பீம் போடும்போது அந்த வயர் கிரவுண்ட் ஆவதால் ரிலே சரியாக வேலை செய்யும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹை பீமோடு சேர்ந்து எரிய வேண்டியது டிரைவிங் லாம்ப். ஃபாக் லாம்ப் அப்படியல்ல. ஃபாக் லாம்ப், டிம்மையோ ஹை பீமையோ சாராமல் தனிச் சுவிட்சில், பார்க்கிங் விளக்கு எரியும்போது மட்டும் எரியுமாறு இருக்க வேண்டும். ஆகவே அதன் சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கு வயரிலிருந்து எடுங்கள். தேவனஹள்ளி பக்கம் டிசம்பர் காலைப் பனியில் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைத் திரை விழும். அங்கே ஃபாக் லாம்ப்பை மட்டும் தனியாக எரிக்க முடிந்தால்தான் அதைப் பொருத்தியதன் பயன் கிடைக்கும்.

அறிகுறி: ஃபியூஸ் போகிறது

55 வாட் ஜோடிக்கு 9 ஆம்பியர் சொச்சம் வரும், 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியானது. போட்ட உடனே போனால் வயர் எங்கோ பாடியில் உராய்ந்திருக்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பலிகொடுக்காமல், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு வயர் வைத்து இணையுங்கள். அதற்கு முன் இரண்டு கூடுதல் விளக்குகளின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவற்றின் இழை வழியாகவே சோதனைப் பல்பு எரிந்து உங்களை ஏமாற்றும். இப்போது சுவிட்சைப் போட்டுச் சோதனைப் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். வயர்க்கட்டைத் தொடக்கத்திலிருந்து கையால் அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணையும் இடத்தில் குற்றவாளி இருப்பார். ஜீப்பில் அது பெரும்பாலும் ரேடியேட்டர் பக்கத் தகட்டின் துளைதான். துளையின் ஓரத்தில் மாட்டும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லாமல் வயரை நுழைத்திருப்பார்கள்.

சில நிமிடம் எரிந்தபின் போனால், ஷார்ட்டைவிடத் தளர்ந்த ஃபியூஸ் ஹோல்டரைச் சந்தேகியுங்கள். தொட்டுப் பார்த்தால் சுடும். அதற்காக 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். அப்போது ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

அறிகுறி: ஒரு விளக்கு மட்டும் மங்கல், அல்லது இண்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கிறது

கிரவுண்ட். வேறு எதையும் தேட வேண்டாம். தன் கிரவுண்ட் அறுந்த விளக்கு, பக்கத்து விளக்கின் பல்பு வழியாகத் திரும்பிப் போக வழி தேடும், அதனால் இரண்டும் சேர்ந்து ஆடும். கூடுதல் விளக்கின் கிரவுண்டைப் பம்பரில் விடாமல், தனி வயராகப் பேட்டரியின் நெகட்டிவுக்கோ சேசிஸுக்கோ கொண்டுபோங்கள். துருப்பிடித்த பம்பர் போல்ட்டை நம்பி விட்ட விளக்கு, முதல் மழைக்காலத்திலேயே இந்த அறிகுறியைக் காட்டும்.

அறிகுறி: அம்மீட்டர் விசித்திரமாகக் காட்டுகிறது, அல்லது பேட்டரி இறங்குகிறது

பழைய ஜீப்பின் அம்மீட்டர், பேட்டரிக்கும் மற்ற அனைத்துக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. ரிலேக்கான மின்சாரத்தை நேராகப் பேட்டரி முனையிலிருந்து எடுத்திருந்தால், எஞ்சின் ஓடும்போது கூடுதல் விளக்குக்கான மின்சாரமும் ஆல்டர்னேட்டரிலிருந்து அம்மீட்டர் வழியாகப் பேட்டரி முனைக்கு வந்துதான் போகும். முள் எப்போதும் 9 ஆம்பியர் சார்ஜ் ஆவதாகக் காட்டும். பேட்டரிக்கோ ஒன்றும் போகாது. இது பிழையல்ல, முள்ளைப் படிக்கும் விதத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் ஒரு சிறிய வோல்ட் மீட்டரை டாஷ்போர்டில் சேர்த்துவிட்டேன், அது பொய் சொல்வதில்லை.

பேட்டரி உண்மையிலேயே இறங்கினால், சில்க் போர்டு நெரிசலில் நிற்பது போல எஞ்சினை ஐடிலில் விட்டு, முகப்பு விளக்கு, கூடுதல் விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுப் பேட்டரி முனையை அளவிடுங்கள். வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வருவது நலம். ஐடிலில் 12.6-க்குக் கீழே போனால், நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டர் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து, உங்கள் மொத்தச் சுமையோடு ஒப்பிடுங்கள். சுமை அதிகமானால், ஒப்புதல் முத்திரையுள்ள எல்.இ.டி. ஃபாக் லாம்ப் ஜோடியை வாங்குவது, பெரிய ஆல்டர்னேட்டரைத் தேடுவதைவிட எளிது.

அறிகுறி: எதிரே வருபவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கோணம் தவறாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி இதற்கு ஒரு சோதனையை அளவோடு வைத்திருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது விளிம்பிலிருந்து 0.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண் கூசாதவாறு கதிர் நிரந்தரமாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். நாடாவால் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டு, கண் அந்த உயரத்துக்கு வருமாறு சற்றுக் குனிந்து நின்று பாருங்கள். முடிந்தால் வண்டியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை அங்கே நிற்க வையுங்கள். நம் விளக்கு நமக்குக் கூசுவதில்லை.

சரிசெய்ய ஓர் அடுக்குமாடியின் அடித்தள வண்டி நிறுத்தம் நல்ல இடம். தரை சமமாக இருக்கும், சுவர் நேராக இருக்கும். டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமர வைத்து, சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். டிம் விளக்கின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழேயும், ஃபாக் லாம்ப்பின் மேல் விளிம்பு அதன் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழேயும் விழ வேண்டும். ரிலே போட்டு வெளிச்சம் கூடியவர்கள் டிம் விளக்கையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். மங்கலாக இருந்தவரை யாரும் கவனிக்காத தவறான கோணம் இப்போது தெரியவரும்.

இதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பின்னால் மூன்று பேரை ஏற்றி மீண்டும் பாருங்கள். பட்டை வில் போட்ட ஜீப்பில் பின்புறம் அமுங்க, மூக்கு தூக்கும், கதிரும் கூடவே தூக்கும். என் வண்டியில் முழுச் சுமையோடு ஃபாக் லாம்ப்பின் விளிம்பு கோட்டையே தொட்டது. அதனால் காலியாக இருக்கும்போது கூடுதலாக இரண்டு சென்டிமீட்டர் இறக்கி வைத்திருக்கிறேன்.

கூரை விளக்கைச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1.8 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் கதிர், 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் அந்த 8 மீட்டரில் 30 சென்டிமீட்டர் சரிய வேண்டும். அப்படிச் சரிந்தால் 48 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். தூரத்தைக் காட்டத்தானே கூரையில் வைத்தீர்கள்? போதாக்குறைக்கு பானட்டின் மேல் ஒளி விழுந்து உங்கள் கண்ணையே கூச வைக்கும். காட்டுச் சாலைக்கு வேண்டும் என்றால், பெங்களூரிலிருந்து ஊட்டி போகிறவர்களுக்குத் தெரியும், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியே இருக்கும்.

அறிகுறி: கண்ணாடிக்குள் ஈரம், ரேடியோவில் இரைச்சல்

ஓடையில் இறங்கி ஏறியபின் மெல்லிய ஆவி படிந்து, ஒரு மணி நேரம் எரிந்ததும் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். விளக்கைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும். கீழே இருக்க வேண்டிய காற்றுத்துளை மேலே போய் மழையைக் குடிக்கும். சூடான ஹாலஜன் விளக்கோடு தண்ணீரில் இறங்கினால் கண்ணாடி விரியலாம், ஆகவே ஓடைக்கு முன்பே அணைத்துவிடுங்கள். ரேடியோ இரைச்சல் எல்.இ.டி.யின் டிரைவர் சுற்றிலிருந்து வருவது. மின்வயரை ஆண்டெனா வயரிலிருந்து விலக்கி, விளக்குக்கு அருகே ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காத மலிவு விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பதிவு புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் விளக்கைக் காட்டிக் கேட்கிறார்

பதினைந்து ஆண்டு கடந்த தனியார் வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கூடுதல் விளக்கு கண்ணில் படும் நாள் அதுதான். என் இரண்டாவது செலவு வீணானது அங்கேதான். பம்பருக்கு மேல் நான் வைத்திருந்த நான்கு விளக்குகளையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். கழற்றினேன், ஆனால் வயர்முனைகள் தொங்கிக்கொண்டிருந்தன, அதையும் கேட்டார்கள்.

இப்போது இரண்டு ஃபாக் லாம்ப் மட்டும் இருக்கிறது, பம்பருக்குக் கீழே. மேல் விளிம்பு 610 மில்லிமீட்டரில். விளக்கு வாங்கிய ரசீதையும், கண்ணாடியின் ஒப்புதல் முத்திரையை அருகில் வைத்து எடுத்த புகைப்படத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே நாடாவை நீட்டி உயரத்தைக் காட்டினேன். அவர் குனிந்து கண்ணாடியின் எழுத்தைப் படித்தார், சுவிட்சைப் போடச் சொன்னார், பார்க்கிங் விளக்கை அணைத்ததும் ஃபாக் லாம்ப்பும் அணைகிறதா என்று பார்த்தார், பிறகு ஹார்னை அடிக்கச் சொன்னார்.